கூலிக்குப் போகும் ஸ்டாப்பர்: அயல்நாட்டுக் கீழ்நிலை லீகுகளில் ஒரு பின்கள வீரரின் பிழைப்பு

1. கேள்வி

செக் குடியரசின் வட எல்லையில், ஜெர்மனியை ஒட்டி, வார்ன்ஸ்டார்ஃப் என்று ஓர் ஊர் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 15 ஆயிரம். நம் உத்தமபாளையம் பேரூராட்சியைவிடச் சிறியது. ஆனாலும் அந்நாட்டு இரண்டாம் டிவிஷனில் பல ஆண்டுகள் ஆடிய கால்பந்து கிளப் அங்கே உண்டு. 2014-15 சீசனில் அந்த அணி இரண்டாமிடம் பிடித்தது. முதல் டிவிஷனுக்கு ஏறியிருக்க வேண்டும். மைதானம் விதிப்படி இல்லாததால் ஏற முடியவில்லை. பட்டியலில் பின்னால் இருந்த ஸ்லின் அணிக்கு அந்த இடம் போனது.

இந்த எஃப்.கே. வார்ன்ஸ்டார்ஃபின் பின்களத்தில் ஓர் இந்தியர் ஆடினார். பெயர் அப்னீத் பார்தி, பிறந்தது 1998இல், ஆடும் இடம் சென்டர் பேக். நம் ஊர் மைதானங்களில் இன்னும் ஸ்டாப்பர் என்றே சொல்கிறோம். போர்ச்சுகலில் ஓர் இளையோர் அணி, கேரளா பிளாஸ்டர்ஸில் சிறிது காலம், பிறகு செக் இரண்டாம் டிவிஷன், கடைசியாகப் பொலிவியாவின் லா பாஸ் நகரத்து கிளப் என்று அவருடைய பாதை வளைந்து வளைந்து போகிறது. 2025 நவம்பரில் டாக்காவில் நடந்த வங்கதேச ஆட்டத்துக்கு முன் இந்திய அணியின் பயிற்சி முகாமுக்கு அழைப்பு வந்தபோதுதான் நாட்டில் பலர் அவர் பெயரையே கேள்விப்பட்டார்கள்.

இப்படிப்பட்ட தொழில்வாழ்வை எப்படி மதிப்பிடுவது? இதைத் தோற்றுப்போன நட்சத்திரத்தின் கதை என்று படிப்பதா, வேறு வகையில் படிப்பதா? இந்தியப் பின்கள வீரர்கள் இந்த வழியில் ஏன் இவ்வளவு குறைவாகப் போகிறார்கள்? கம்பம் பள்ளத்தாக்கில் ஆடும் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனுக்கு இது ஒரு வழிதானா? இக்கேள்விகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இத்தகைய வீரரை விளையாட்டுப் பக்கத்தின் அளவுகோலால் அளக்க முடியாது, புலம்பெயர் தொழிலாளி என்று பார்த்தால்தான் அவர் புரிவார் என்பது என் வாதம்.

2. கோலை மட்டும் எழுதிவைத்த வரலாறு

இந்தியக் கால்பந்து வரலாற்றுக்குப் பொதுவாசகர் நாடக்கூடிய நூல்கள் சிலவே. போரியா மஜும்தாரும் கௌசிக் பந்த்யோபாத்யாயும் எழுதிய 'கோல்லெஸ்' (2006), நோவி கபாடியாவின் 'பேர்ஃபுட் டு பூட்ஸ்' (2017) இரண்டும் முதலில் நினைவுக்கு வருபவை. அயல்நாட்டில் ஆடிய இந்தியர் என்ற பேச்சு வந்தாலே ஒரே வரிசைதான் சொல்லப்படுகிறது. 1936இல் ஸ்காட்லாந்தின் செல்டிக் அணிக்கு வெறுங்காலில் ஆடிக்காட்டிய முகமது சலீம். 1999இல் இங்கிலாந்தின் பரி கிளப்பில் சேர்ந்த பாய்ச்சுங் பூட்டியா. 2010இல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டிக்கும், 2012இல் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் 'பி' அணிக்கும் போன சுனில் சேத்ரி. நார்வேயின் ஸ்டாபெக் அணியில் ஆடிய கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்து.

வரிசையைக் கவனித்தால் ஒன்று புலப்படும். பந்தை வலைக்குள் அனுப்புகிறவர்களும் வலையைக் காப்பவரும் இருக்கிறார்கள். நடுவே நிற்கும் பேக் இல்லை. பரி அப்போது இங்கிலாந்தின் மூன்றாம் அடுக்கில் இருந்தது. பூட்டியா அங்கே 37 லீக் ஆட்டங்களில் 3 கோல் அடித்தார். மூன்றே கோல்தான், ஆனாலும் எண்ணிச் சொல்ல ஏதோ இருக்கிறது. அதே பரியில் மூன்று சீசன் ஒரு ஸ்டாப்பர் ஆடியிருந்தால் நம் பத்திரிகைகள் எதை எண்ணியிருக்கும்?

இது வெளிநாடு போனவர்களுக்கு மட்டும் நேர்வதல்ல. இந்தியா கண்ட மாபெரும் ஸ்டாப்பர் ஜர்னைல் சிங். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தலையில் அடிபட்டுத் தையல் போட்ட நிலையில், பயிற்சியாளர் ரஹீம் அவரை முன்களத்துக்கு அனுப்பினார். இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவை 2-1 என வென்றபோது ஒரு கோல் அவருடையது. அந்தக் கோலும் அந்தத் தையலும்தான் இன்றும் கதையாகச் சொல்லப்படுகின்றன. பின்களத்தில் அவர் ஆண்டுக்கணக்கில் செய்த வேலை ஒரு பெயரடையாகச் சுருங்கிவிட்டது.

சென்னை ரசிகர்களின் நினைவிலும் இதே கதைதான். 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டம். சுனில் சேத்ரி முதலில் கோல் போட, சென்னையின் எஃப்.சி. பின்தங்கியது. பிரேசில்காரரான மைல்சன் ஆல்வெஸ் இரண்டு முறை தலையால் முட்டிக் கோல் அடித்தார். ஆட்டம் 3-2 என முடிந்து கோப்பை சென்னைக்கு வந்தது. ஊர் ஊராகப் பிழைக்கப் போகும் பிரேசில் ஸ்டாப்பர்களில் அவரும் ஒருவர். அந்த சீசன் முழுக்க அவர் தடுத்தவற்றை எவரும் எழுதிவைக்கவில்லை. அடித்த இரண்டை எல்லாரும் வைத்திருக்கிறார்கள்.

ஆவணமே இப்படிச் சாய்ந்திருக்கும்போது, பின்கள வீரரின் அயல்வாழ்வைப் பற்றிக் கிடைக்கும் ஆதாரங்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 'எத்தனை கோல்' என்ற கேள்வி அவருக்குப் பொருந்தாது. 'எத்தனை ஆட்டம்' என்பது ஓரளவு பொருந்தும். 'எத்தனை ஒப்பந்தம், எவ்வளவு காலம், சம்பளம் நாளுக்கு வந்ததா' என்பவையே உண்மையான கேள்விகள்.

3. ஸ்டாப்பரின் வேலை

விங்கர் ஒருவர் மொழி தெரியாத நாட்டில் இறங்கினாலும் முதல் வாரமே தன் திறமையைக் காட்டிவிடலாம். பந்து கிடைத்தால் ஓடி எதிராளியைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான். ஸ்டாப்பருக்கு அந்த வசதி கிடையாது. அவருடைய வேலையில் பாதி வாயால் செய்வது. நம் ஊர் மைதானத்தில் காதைக் கொடுத்துக் கேட்டாலே தெரியும். 'மேன் ஆன்', 'டைம் இருக்கு', 'ஏறு ஏறு', 'பின்னாடி ஆளு', 'விடு, கீப்பர்' என்று தொண்ணூறு நிமிடமும் கத்திக்கொண்டே இருப்பவர் அவர்தான். நான்கு பேர் ஒரே கோட்டில் நின்று ஒரே நொடியில் முன்னேறினால்தான் ஆஃப்சைடு பொறி விழும். ஒருவர் அரை அடி பின்தங்கினால் பொறி வைத்தவர்களே மாட்டிக்கொள்வார்கள்.

செக் மொழியிலோ ஸ்பானிய மொழியிலோ அந்தக் கத்தல் வாயில் வராதவர் எவ்வளவு உயரமாக இருந்தாலும் பயிற்சியாளர் அவரைப் பெஞ்சில்தான் உட்காரவைப்பார். ஆகவே மற்ற இடங்களில் ஆடுபவர்களைவிடப் பின்கள வீரருக்கு அயல்நாட்டில் நிலைகொள்ள அதிக நாள் பிடிக்கிறது. கீழ்நிலை லீகுகள் கொடுக்கும் ஒப்பந்தமோ ஒரு சீசன், மிஞ்சினால் இரண்டு. மொழி பழகி முடிவதற்குள் பெட்டி கட்ட வேண்டிய நேரம் வந்துவிடுகிறது.

மொழியோடு காற்றும் சேர்ந்துகொள்ளும். லா பாஸ் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாம் மழைமேகம் பார்க்க ஏறும் மேகமலையின் உயரம் 1,500 மீட்டர்தான். காற்று லேசான இடத்தில் மேலே தூக்கி அடித்த பந்து கூடுதல் வேகத்தில், கூடுதல் தூரம் போகும். பந்து எங்கே இறங்கும் என்று கணித்து அங்கே முதலில் போய் நிற்பதுதான் ஸ்டாப்பரின் முக்கியத் தொழில். பத்துப் பதினைந்து ஆண்டாக உடம்பில் ஊறிய அந்தக் கணக்கு அங்கே பிசகும். மூச்சு வாங்குவதைப் பற்றி மட்டும் பேசுகிற பத்திரிகைகள் இதைச் சொல்வதில்லை.

இங்கே ஓர் உள்நாட்டுச் சான்றும் உண்டு. தர்மராஜ் ராவணன், நல்லப்பன் மோகன்ராஜ் முதலிய தமிழகப் பின்கள வீரர்கள் கொல்கத்தா, கோவா கிளப்புகளில் ஆடியவர்கள். வங்காளியும் கொங்கணியும் பேசும் அணிகளில் பின்வரிசையில் நின்று கட்டளையிட வேண்டியிருந்தவர்கள். பாஸ்போர்ட் தேவைப்படவில்லை என்பதைத் தவிர, அயல்நாட்டு அனுபவத்தின் பெரும்பகுதி அவர்களுக்கு இந்தியாவுக்குள்ளேயே கிடைத்துவிட்டது. நாடோடிப் பின்கள வீரர் என்ற வகை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. அதன் எல்லைதான் இந்திய எல்லையோடு நின்றுபோயிருக்கிறது.

4. தொழிலாளி என்ற பார்வை

விளையாட்டு வீரர்களின் புலம்பெயர்வை ஆராய்ந்த சமூகவியலாளர் ஜோசப் மக்வயர், 1990களில் அவர்களை முன்னோடிகள், குடியேறிகள், கூலிப்படையினர், நாடோடிகள், திரும்பிவருபவர்கள் என்று வகைப்படுத்தினார். பயனுள்ள வகைப்பாடுதான். ஆனால் இதில் போகிறவரின் மனநோக்கமே மையமாக இருக்கிறது. யார் கூப்பிட்டார்கள், எந்த விதியின் கீழ் கூப்பிட்டார்கள் என்பது பின்னால் தள்ளப்படுகிறது. ஆப்பிரிக்க வீரர்களை ஆராய்ந்த பால் டார்பி, ரஃபேல் போலி போன்றோர் இந்தக் குறையை ஓரளவு சரிசெய்தார்கள். இடைத்தரகர்கள், கிளப்புகள், ஒப்பந்தங்கள் ஆகியவை சேர்ந்த ஒரு சங்கிலியாக அவர்கள் அதைப் பார்த்தார்கள். எனக்கு இவர்களுடைய பார்வையே கூடுதல் நம்பகமாகப் படுகிறது.

எண்களும் இதற்கு ஆதரவாக இருக்கின்றன. வீரர்களின் உலகச் சங்கமான ஃபிஃப்ப்ரோ 2016இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 54 நாடுகளில் ஏறத்தாழ 14 ஆயிரம் தொழில்முறை வீரர்களிடம் கேட்டதில், 41 விழுக்காட்டினர் முந்தைய இரண்டு சீசன்களில் சம்பளம் தாமதமானதாகச் சொன்னார்கள். 45 விழுக்காட்டினருக்கு மாதம் ஆயிரம் டாலர்கூட வரவில்லை. தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் கால்பந்து இந்தத் தொழிலின் மேல்தட்டு மட்டுமே. இரண்டு மாதச் சம்பளம் பாக்கியானால், 15 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் கேட்டுவிட்டு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்று ஃபிஃபா 2018இல் தனி விதியே சேர்க்க வேண்டியிருந்தது. எவ்வளவு பேருக்குப் பாக்கி விழுந்திருந்தால் அப்படி ஒரு விதி வந்திருக்கும்!

இந்த நிலையைப் புரிந்துகொள்ள உத்தமபாளையத்துக்காரருக்குச் சமூகவியல் நூல் தேவையில்லை. விடியுமுன் கம்பம், கூடலூர், உத்தமபாளையம் பக்கமிருந்து ஜீப்பில் நெருக்கியடித்து குமுளி ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். வளைகுடாவுக்குப் போய்வந்த குடும்பங்களும் இருக்கின்றன. விசா யார் பெயரில், ஏஜென்ட் எவ்வளவு எடுத்தார், வசிப்பு அனுமதியான இக்காமாவைப் புதுப்பித்தார்களா, பாதியில் கேன்சல் ஆனால் டிக்கெட் யார் செலவு என்பன இங்கே தேநீர்க்கடைப் பேச்சு. கீழ்நிலை லீகில் ஆடப்போகும் வீரரின் கேள்விகளும் இவையே. அவருடைய வசிப்பு உரிமை கிளப் ஒப்பந்தத்தோடு கட்டப்பட்டது. ஒப்பந்தம் முடிந்தால் ஊர் திரும்ப வேண்டும்.

ஆனால் இந்த ஒப்புமை முழுக்கப் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். வளைகுடாவில் டிரைவராகவோ எலக்ட்ரீஷியனாகவோ போகிறவர் இருபது, இருபத்தைந்து ஆண்டு உழைக்கலாம். அவருக்கு அனுபவம் கூடக் கூட மதிப்பும் கூடும். ஸ்டாப்பருக்கு முப்பத்து நான்கு வயதோடு கதை முடிந்துவிடும். இன்னொரு வேறுபாடு ஒதுக்கீடு. பல லீகுகளில் ஓர் அணி களமிறக்கக்கூடிய வெளிநாட்டவர் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. ஆகவே வெளிநாட்டு ஸ்டாப்பர் உள்ளூர்க்காரருக்குச் சமமாக இருந்தால் போதாது. கண்ணுக்குத் தெரியும்படி மேலாக இருக்க வேண்டும்.

சந்தேஷ் ஜிங்கன் விஷயத்தை இந்தப் பார்வையில் மறுபடி படிக்கலாம். இந்தியாவின் முதன்மை ஸ்டாப்பரான அவர் 2021 ஆகஸ்டில் குரோஷிய முதல் டிவிஷனின் ஷிபெனிக் கிளப்பில் சேர்ந்தார். பயிற்சியில் காயம்பட்டார். ஓர் ஆட்டம்கூட ஆடாமல் 2022 ஜனவரியில் ஏ.டி.கே. மோகன் பகானுக்குத் திரும்பினார். ரசிகர்கள் இதை ஐரோப்பாவில் தாக்குப்பிடிக்க முடியாததாகப் பேசினார்கள். வேலைக்குச் சேர்ந்த சில வாரத்தில் பணியிடத்தில் அடிபட்டு ஊர் திரும்பிய ஒருவரை நம் தெருவில் யாரும் 'தோற்றுப்போனவன்' என்று சொல்வதில்லை. கால்பந்து என்று வந்துவிட்டால் மட்டும் நம் நீதி மாறிவிடுகிறது.

5. போகாததற்குச் சொல்லப்படும் காரணங்கள்

முதல் காரணமாகச் சொல்லப்படுவது திறமைக்குறைவு. உடல்வாகு போதாது, பயிற்சி போதாது, தரவரிசையே அதற்குச் சான்று என்பார்கள். 1996 பிப்ரவரியில் 94ஆம் இடத்தைத் தொட்ட இந்தியா, 2025 நவம்பரில் டாக்காவில் 0-1 எனத் தோற்றபின் 142ஆம் இடத்தில் இருந்தது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இதுவே காரணம் என்றால், தரவரிசையில் இந்தியாவுக்கு வெகுகீழே இருக்கும் நாடுகளிலிருந்து வீரர்கள் வெளியே போவதை எப்படி விளக்குவது? இலங்கை வீரர்கள் பலர் மாலத்தீவு லீகுக்குப் போயிருக்கிறார்கள். திறமைக்குறைவு வாதம் இந்த இடத்தில் நொண்டுகிறது.

இரண்டாவது காரணம் விதிகள். 2009இல் இங்கிலாந்தின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கிளப் சுனில் சேத்ரியை ஒப்பந்தம் செய்ய முன்வந்தது. இந்தியா ஃபிஃபா தரவரிசையில் முதல் எழுபதுக்குள் இல்லை என்பதால் பணி அனுமதி மறுக்கப்பட்டது. இங்கிலாந்தைப் பொறுத்தவரை இது முழு விளக்கம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தால் கதை வேறு. பர்மிங்காமில் பிறந்து பாகிஸ்தானுக்காக ஆடிய பின்கள வீரர் ஜெஷ் ரெஹ்மான் ஃபுல்ஹாமில் தொடங்கி, பிறகு தாய்லாந்து, ஹாங்காங், மலேசியாவின் பஹாங் என்று சுற்றினார். கீழ் டிவிஷன்களில் பழகிக்கொள்ள அவருக்குச் சொந்த நாடே கிடைத்தது. இந்திய வம்சாவளியினர் வெளிநாட்டுக் குடியுரிமையோடு இந்தியாவுக்கு ஆட முடியாது என்று ஒன்றிய அரசு 2008இல் முடிவெடுத்தது. இலங்கையோ ஜெர்மனியில் வளர்ந்த கிளாடியோ காமர்க்னெக்டையும் ஆஸ்திரேலியாவில் வளர்ந்த ஜாக் ஹிங்கர்ட்டையும் தன் பின்களத்தில் நிறுத்திக்கொண்டது. எனினும் செக் குடியரசிலோ குரோஷியாவிலோ இங்கிலாந்தின் தரவரிசை விதி கிடையாது. அங்கேயும் நம்மவர்கள் ஏன் போகவில்லை என்பதற்கு இந்த வாதத்தில் பதில் இல்லை.

மூன்றாவது காரணம் உள்நாட்டுச் சந்தை. நான் அழுத்தம் கொடுப்பது இதற்குத்தான். 2017 ஐ.எஸ்.எல். டிராஃப்டில் அதிக விலை போன இருவரில் ஒருவர் மலப்புறத்து ஸ்டாப்பர் அனஸ் எடத்தொடிகா. விலை 1 கோடியே 10 லட்சம் ரூபாய். செக் இரண்டாம் டிவிஷன் கிளப் எதுவும் அந்தத் தொகைக்குப் பக்கத்தில் வராது. வீட்டில் கோடி கிடைக்கும்போது மொழி தெரியாத ஊரில் பனியில் நின்று குறைந்த கூலிக்கு ஆட யார் போவார்கள்? போகாதவர்களைக் கோழை என்பது அபத்தம். கணக்குத் தெரிந்தவர்கள் என்பதே சரி.

ஐ.எஸ்.எல்லுக்கு முன்பும் வீட்டிலேயே தங்கவைக்கும் ஒன்று இருந்தது; அது உத்தியோகம். சென்னை லீகில் ஆடிய அணிகளின் பெயர்களைப் பார்த்தாலே போதும்: இந்தியன் வங்கி, தென்னக ரயில்வே, வருமானவரி, சுங்கத்துறை. இந்திய அணியின் கேப்டனாக இருந்த கேரளத்துப் பின்கள வீரர் வி.பி. சத்யன் இந்தியன் வங்கிக்காகச் சென்னையில் இருந்தவர். நல்ல பேக் ஒருவரின் உச்ச இலக்கு வெளிநாட்டு கிளப் அல்ல, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு நாற்காலியும் ஓய்வூதியமும். அதைக் குறைசொல்லவும் எனக்கு மனமில்லை. முப்பத்து நான்கு வயதில் முடியும் தொழிலுக்கு அறுபது வயதுவரை சம்பளம் கொடுத்த ஏற்பாடு அது.

ஆனால் இதே சந்தைதான் ஸ்டாப்பர்களை வளரவிடாமலும் வைத்தது. வெளிநாட்டவருக்கான இடங்களைக் கிளப்புகள் அணியின் முதுகெலும்பில் செலவிட்டன: ஒரு சென்டர் பேக், ஒரு நடுக்களத்தவர், ஒரு ஸ்ட்ரைக்கர். 2021-22 முதல் களத்தில் நால்வர் என்று வரம்பு குறைக்கப்பட்ட பிறகும் இந்தப் பழக்கம் பெரிதாக மாறவில்லை. கோயம்புத்தூரைக் களமாகக் கொண்டு 2018-19 ஐ-லீகை வென்ற சென்னை சிட்டி எஃப்.சி.யில் முன்னால் பெட்ரோ மான்சி, பின்னால் ரொபர்டோ எஸ்லாவா. ஸ்பெயினின் கீழ் டிவிஷன்களிலிருந்து வந்தவர்கள் நேரு ஸ்டேடியத்தில் ஆடித் தமிழ்நாட்டுக்கு அந்தக் கோப்பையைக் கொண்டுவந்தார்கள். நாடோடிப் பின்கள வீரர் நம்மிடம் இறக்குமதி ஆகிறார். நாம் ஏற்றுமதி செய்வதில்லை.

2025இல் இந்தக் கணக்கு ஆட்டம் கண்டது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் வணிகப் பங்குதாரருக்கும் இடையே 2010இல் போட்ட 15 ஆண்டு ஒப்பந்தம் முடிவுக்கு வர, ஐ.எஸ்.எல். சீசன் ஜூலையில் நிறுத்திவைக்கப்பட்டுப் பல மாதம் தள்ளிப்போனது. சில கிளப்புகள் சம்பளத்தையும் நிறுத்திவைத்தன. வீட்டிலேயே இருந்தால் பத்திரம் என்ற நம்பிக்கையில் அன்று விழுந்த கீறல், வருங்காலத்தில் பலரை வெளியே தள்ளக்கூடும்.

6. மன்னாரிலிருந்து மாலே

வீட்டில் கோடி இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு டக்சன் புஸ்லாஸ் சான்று. மன்னாரைச் சேர்ந்த தமிழர். இலங்கைத் தேசிய அணியின் பின்கள வீரர். மாலத்தீவு லீகில் ஆடப்போய், கடைசியாக அங்குள்ள வலென்சியா கிளப்பில் இருந்தார். இலங்கைக் கால்பந்தில் முழுநேரத் தொழில்முறை வருமானம் அரிது. படைப்பிரிவு அணிகளில் வேலையோடு ஆடுவதே பலருக்கு வழி. கொழும்பிலிருந்து ஒன்றரை மணி நேர விமானப் பயணத்தில் டாலர் சம்பளம் கிடைக்கும் லீக் இருந்தால், போவது இயல்பு. அனஸ் இந்தியாவிலேயே இருக்கக் காரணமான அதே கணக்குதான் புஸ்லாஸை மாலேக்கு அனுப்பியது. இருவருக்கும் உள்ள வேறுபாடு திறமையில் அல்ல, பிறந்த நாட்டின் சந்தையில் இருக்கிறது.

2022 பிப்ரவரியில் புஸ்லாஸ் மாலேயில் தாம் தங்கியிருந்த இடத்தில் இறந்து கிடந்தார். வயது 31. அந்த மரணத்துக்குக் காரணம் தேடுவது இக்கட்டுரையின் வேலை அல்ல. அப்படித் தேட யாருக்கும் உரிமையும் இல்லை. ஆனால் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். சில மாதம் முன்பு, 2021 நவம்பரில், கொழும்பில் நடந்த நான்கு நாட்டுப் போட்டியில் இலங்கை இறுதி ஆட்டம்வரை போனபோது அந்த அணியில் இருந்தவர் அவர். தமிழ்நாட்டில் எத்தனை விளையாட்டுப் பக்கங்கள் அவரை அப்போது குறிப்பிட்டன? தேசிய அணிக்கு ஆடிய ஒரு தமிழ் ஸ்டாப்பரின் பெயரை நம்மில் பெரும்பாலோர் அவருடைய இறப்புச் செய்தியில்தான் முதலில் படித்தோம்.

ஃபிஃப்ப்ரோ 2015இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், பங்கேற்ற இன்றைய வீரர்களில் 38 விழுக்காட்டினர் மனச்சோர்வு அல்லது பதற்றத்தின் அறிகுறிகளைச் சொல்லியிருந்தார்கள். நீண்ட காயம் பட்டவர்களிடம் அது கூடுதலாக இருந்தது. எந்த ஒரு தனி மரணத்தையும் இந்த எண்ணால் விளக்கக் கூடாது. கிளப்புகளும் சம்மேளனங்களும் தனியறையில் தங்கும் வெளிநாட்டு வீரருக்கு யார் பொறுப்பு என்று கேட்டுக்கொள்ள இந்த எண் போதும். இந்தியாவில் வீரர்களுக்கென்று எஃப்.பி.ஏ.ஐ. என்ற சங்கம் 2006 முதல் இருக்கிறது. வெளியே போகும் பையன் பெட்டியில் எடுத்துவைக்க வேண்டிய முதல் காகிதம் அதன் உறுப்பினர் அட்டைதான்.

7. உத்தமபாளையத்திலிருந்து பார்த்தால்

மதுரை-போடி மீட்டர்கேஜ் ரயில் 2010 இறுதியோடு நின்றது. அகலப்பாதை 2022இல் தேனிக்கும் 2023இல் போடிக்கும் வந்தது. உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் ரயில் இன்னும் கோரிக்கை மனுவில்தான் ஓடுகிறது. இங்கிருந்து ஒரு பையன் மதுரையில் ஆடித் திரும்ப ஒரு நாள் முழுக்கப் பேருந்தில் போகும். தூரம் ஒரு தடைதான், ஆனால் தீர்மானிக்கும் தடை அல்ல. சிவகங்கை மாவட்டம் கண்டனூரைச் சேர்ந்த சிவசக்தி நாராயணன், முன்னாள் இந்திய வீரர் ராமன் விஜயன் நடத்தும் பள்ளியில் பயின்று பெங்களூரு எஃப்.சி.வரை போனார். குமரிக் கடற்கரையிலிருந்து சூசைராஜ் சகோதரர்கள் வந்தார்கள். சிற்றூர்களிலிருந்து வழி உண்டு. ஆனால் இந்த எடுத்துக்காட்டுகளில் நிற்பவர்கள் முன்களத்தவரும் நடுக்களத்தவரும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஃபார்வர்டு ஒருவனை இரண்டு நிமிட வீடியோவில் விற்றுவிடலாம். கோல்களை வெட்டி ஒட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். ஸ்டாப்பரை அப்படி விற்க முடியாது. பந்து அவனிடம் வராத எண்பது நிமிடமும் அவன் எங்கே நிற்கிறான், யாரை எங்கே நிறுத்துகிறான் என்பதைத்தான் வாங்குகிறவர் பார்ப்பார். அதற்கு முழு ஆட்டத்தின் பதிவு வேண்டும்; உயரமான இடத்தில் ஒரு கேமரா, அசையாமல், தொண்ணூறு நிமிடம். இன்று ஒரு செல்போனும் தண்ணீர்த்தொட்டி மாடியும் இருந்தால் அதற்குப் போதும். நம் உள்ளூர்ப் போட்டிகளில் பரிசளிப்பு விழாவுக்குப் பிடிக்கும் வீடியோவில் நூற்றில் ஒரு பங்கு கவனம் ஆட்டத்துக்குக் கிடைத்தால் நன்று.

இன்னொன்று காகிதம். ஃபிஃபா விதிப்படி ஒரு வீரர் 12 வயது முதல் எந்தெந்த கிளப்பில் பதிவாகியிருந்தார் என்பதே அவருடைய 'வீரர் பாஸ்போர்ட்'. அவர் பின்னாளில் வெளிநாட்டில் முதல் தொழில்முறை ஒப்பந்தம் போட்டால், வளர்த்த கிளப்புகளுக்குப் பயிற்சி இழப்பீடு சேர வேண்டும். ஒப்பந்த காலத்துக்குள் பணத்துக்குக் கைமாறினால், அந்தத் தொகையில் 5 விழுக்காடு 12 முதல் 23 வயதுவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பங்கிடப்படும். இதற்கென்றே 2022 நவம்பரில் ஃபிஃபா ஒரு தீர்வகத்தைத் தொடங்கியது. பதிவு இல்லாத பையனுக்கு இந்தக் கணக்கில் கடந்தகாலமே கிடையாது. அவன் எந்த ஊரில் வளர்ந்தான், யார் பூட்ஸ் வாங்கிக்கொடுத்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை. வார்ன்ஸ்டார்ஃப் போன்ற ஒரு சிற்றூர் கிளப் இரண்டாம் டிவிஷனில் ஆண்டுக்கணக்கில் நின்றதற்குப் பின்னால் இத்தகைய பதிவேடுகளும் இருந்திருக்கும்.

எனவே உத்தமபாளையம், கம்பம், சின்னமனூர், போடி வட்டாரத்தில் கால்பந்து கிளப் நடத்துகிறவர்களிடம் கேட்க இரண்டுதான் இருக்கின்றன. கிளப்பை மாவட்டச் சங்கத்தில் இணைத்து, 12 வயதான ஒவ்வொரு பையனின் பெயரையும், முக்கியமாகக் கோல் அடிக்காத பையன்களின் பெயரையும், அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் சி.ஆர்.எஸ். பதிவேட்டில் ஏற்றுங்கள். அடுத்த போட்டியிலிருந்து முழு ஆட்டத்தையும் பதிவுசெய்து வையுங்கள்.